இந்தோஷீனும் எங்க ஊரு நோம்பிக் கச்சேரியும்

மூணு மாசமா இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கலை மக்களே. ஆணி அதிகம். கம்பெனி என்னைப் பொட்டியோட சேர்த்து பாரிஸுக்குப் பார்சல் பண்ணிடுச்சு. பாரிஸ்னதும் ஈஃபில் டவருக்குக் கீழ உக்காந்து காபி குடிக்கறேன்னு கற்பனை பண்ணிக்காதீங்க. ஆபீஸ் இருக்கறது ஊருக்கு வடக்கே, சாந்-தெனி பக்கம். கார் து நோர் ஸ்டேஷன்ல ரயில் ஏறினா அடுத்த நிறுத்தம். இறங்கி நடந்தா ஒரு பெரிய ஸ்டேடியம் தெரியும். ஸ்தாத் து பிரான்ஸ். 1998 உலகக் கோப்பை ஃபைனல்ல ஜிடேன் தலையாலயே ரெண்டு கோல் போட்டு பிரேசிலைக் கவுத்தாரே, அதே இடம். தினமும் காலைல அதைப் பார்த்துக்கிட்டே போய்ப் பொட்டி தட்டிட்டு, சாயங்காலம் லா ஷாப்பேல்ல இறங்கி ஈழத்துக்காரங்க கடையில கொத்துரொட்டி வாங்கிட்டு ரூமுக்கு வர்றதுதான் என் பாரிஸ் வாழ்க்கை.

இந்தப் பதிவு அந்த ஸ்டேடியத்தைப் பத்தினது. அதுல பாடின ஒரு குழுவைப் பத்தினது. அப்புறம் எங்கண்ணனைப் பத்தினது. மூணுக்கும் என்ன சம்பந்தம்னு கேக்கறீங்களா? கொஞ்சம் பொறுங்க.

எனக்குப் பக்கத்து சீட்டுல ஒரு பிரெஞ்சுக்கார மனுஷர். ஐம்பதைத் தாண்டினவர். டேட்டாபேஸ்ல புலி, பேச்சுல சிக்கனம். ஒரு நாள் மதியம் சாப்பாட்டு நேரத்துல "வீட்ல யார் யார்"னு விசாரிச்சார். அப்பா, அம்மா, அண்ணன்னு சொன்னேன். "அண்ணன் என்ன பண்றார்?"

இந்தக் கேள்விக்கு ஊர்ல நான் ஒழுங்கா பதில் சொன்னதே இல்லை. "சும்மாதான் இருக்கான்", "பிசினஸ் மாதிரி", "பாட்டு கீட்டுன்னு சுத்திட்டு இருக்கான்" இப்படித்தான் வாயில வரும். அன்னைக்கு இங்கிலீஷ்ல சொல்ல வேண்டியிருந்ததால வேற வழியில்லாம "மியூசிஷியன்"னு சொல்லிட்டேன். அந்த வார்த்தையை அவனுக்கு நான் உபயோகிச்சது அதுதான் முதல் தடவை.

மனுஷர் முகம் மாறிப் போச்சு. "பேண்டா? எத்தனை பேர்? எத்தனை வருஷமா?" நான் 16 வருஷம்னு சொன்னதும் சட்டைப் பட்டனைக் கழட்டி உள்ள போட்டிருந்த டி-ஷர்ட்டைக் காட்டினார். இந்தோஷீன்.

எனக்கு அந்தப் பேரைக் கேட்டதும் சைகோன்தான் ஞாபகம் வந்துச்சு. புதுச்சேரி, காரைக்கால்லேர்ந்து பிரெஞ்சு சர்க்கார் உத்தியோகத்துக்கு நம்மாளுங்க இந்தோசீனா போனதும், செட்டியாருங்க அங்க வட்டிக்கடை வச்சதும் படிச்சிருக்கேன். அதுக்கும் இந்தக் குழுவுக்கும் சம்பந்தமில்லை. இது பாரிஸ் பசங்க நாலு பேர் ஆரம்பிச்ச பாப்-ராக் குழு. அன்னைக்கு ஆரம்பிச்ச பேச்சு ஒரு வாரம் ஓடுச்சு. ராத்திரி ரூமுக்கு வந்து நானும் தேடித் தேடிக் கேட்டேன், படிச்சேன். கதையைச் சொல்றேன், கேளுங்க.

1981. நிக்கோலா சிர்கிஸ்னு ஒரு பையன், டொமினிக் நிக்கோலான்னு ஒரு பையன். முதல் ஆள் பாடுவார், எழுதுவார். ரெண்டாவது ஆள் கிடார், மெட்டு. கூட சாக்ஸபோனுக்கு டிமிட்ரி போடியான்ஸ்கி. அந்த வருஷம் செப்டம்பர்ல பாரிஸ்ல ரோஸ் பொன்பொன்னு ஒரு கிளப்ல முதல் கச்சேரி. கொஞ்ச நாள் கழிச்சு நிக்கோலாவோட இரட்டைச் சகோதரர் ஸ்தெஃபானும் வந்து சேர்ந்துக்கிட்டார். டிரம்மர் கிடையாது. மிஷின்தான் தாளம் போடும். (எங்கண்ணன் ரிதம் பேட் வாசிப்பான். டிரம்மர் இல்லாம மிஷினை வச்சு ஆரம்பிச்சாங்கன்னு படிச்சதும் சிரிப்பு வந்துடுச்சு. எல்லா ஊர்லயும் வறுமை ஒண்ணுதான்!)

1982ல 'லவாந்துரியே'ன்னு ஒரு பாட்டு. சாகசக்காரன்னு அர்த்தம். ஆன்றி வெர்ன்னு ஒரு பெல்ஜிய எழுத்தாளர் எழுதிக் குவிச்ச சாகச நாவல்கள்ல வர்ற பாப் மொரான் தான் பாட்டுக்கு ஹீரோ. நம்ம ஊர்ல முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியை வச்சு ஒருத்தன் பாட்டுப் போட்டா எப்படி இருக்கும், அப்படி. பள்ளிக்கூடத்துப் பசங்க விடுவாங்களா? பிரான்ஸ் முழுக்கப் பத்திக்கிச்சு. இன்னைக்கும் அந்தக் கிடார் ஆரம்பம் வந்தா கல்யாண வீட்ல தாத்தாவும் பேரனும் சேர்ந்து குதிப்பாங்களாம்.

1983ல அடுத்த ஆல்பம். 1985ல '3'ன்னு பேர் வச்சு மூணாவது. அதுல ஒரு பாட்டு ஆணும் பெண்ணும் ஒரே மாதிரி உடுத்திக்கிட்டுக் கை கோத்துப் போறதைப் பத்தினது. அந்தக் காலத்துல அது பெரிய விஷயம். நம்ம சீட்டுக்காரருக்கு அப்போ 11 வயசு. கிளாஸ்ல எல்லாப் பொண்ணுங்க பெஞ்சிலயும் நிக்கோலா பேர் செதுக்கியிருக்குமாம். 1986ல ஒரு பாட்டுக்கு வீடியோ எடுத்துக் கொடுத்தது யாருன்னு நினைக்கறீங்க? செர்ஜ் கேன்ஸ்பூர். பிரெஞ்சுப் பாட்டுல அவர் ஒரு பெரிய தலை. அதே 1986ல அந்த ஊரோட பெரிய ராக் குழுவான 'தெலெஃபோன்' கலைஞ்சு போச்சு. மேடை காலி, இந்தோஷீனுக்கு ராஜயோகம். 1988ல தென் அமெரிக்காவுல பெரு வரைக்கும் போய்ப் பாடி, லிமாவைக் கலக்கிட்டு வந்தாங்க.

இதுவரைக்கும் கதை எல்லா குழுவுக்கும் இருக்கற கதைதான். ஏறின கதை. எனக்குப் பிடிச்சது இறங்கின கதை.

முதல்லேர்ந்தே விமர்சகர்களுக்கு இவங்களைக் கண்டா ஆகாது. "இங்கிலீஷ்காரன் 'தி க்யூர்' குழுவைக் காப்பியடிக்கறாங்க", "இந்த ஆளுக்குப் பாடத் தெரியாது", "விடலைப் பசங்களுக்கான சமாச்சாரம்"னு போட்டுத் தாக்கினாங்க. கூட்டம் இருந்தவரைக்கும் அது யார் காதுலயும் விழலை. 80கள் முடியறப்போ சாக்ஸபோன்காரர் விலகிட்டார். 1991ல பழைய பாட்டையெல்லாம் தொகுத்து ஒரு ஆல்பம் போட்டாங்க. சக்கைப் போடு போட்டுச்சு. ஆனா அதுதான் வினையாவும் போச்சு. பழைய பாட்டுத் தொகுப்பு நல்லா விக்குதுன்னா என்ன அர்த்தம்? புதுப் பாட்டு யாருக்கும் வேண்டாம்னு அர்த்தம். 1993ல வந்த புது ஆல்பம் படுத்துடுச்சு. ரேடியோ போடலை, டிவி கூப்பிடலை. "அவங்க இன்னும் இருக்காங்களா?"ங்கற கேள்விதான் மிச்சம்.

அப்புறம் 90களின் நடுவுல பெரிய அடி. டொமினிக் நிக்கோலா குழுவை விட்டே போயிட்டார். மெட்டுப் போடற ஆளே போயாச்சு. இளையராஜா இல்லாத 'இளையராஜா இசைக்குழு'ன்னு வச்சுக்கோங்களேன். மிச்சமிருந்தது பழைய ஆள்ல ரெண்டே பேர். இரட்டையர்கள். 1996ல 'வாக்ஸ்'னு ஒரு ஆல்பம் போட்டாங்க. அதுவும் போணியாகலை. சின்னச் சின்ன அரங்கத்துல, விடாம வந்த அந்தக் கொஞ்சப் பேருக்காகப் பாடினாங்க. நம்ம சீட்டுக்காரர் அதுல ஒருத்தர். "ஆபீஸ்ல யார்கிட்டயும் சொல்லாம போவேன். வெக்கமா இருக்கும்"னார்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். வெக்கமா இருக்கும்ங்கற அந்த வார்த்தை எனக்கு நல்லாத் தெரிஞ்ச வார்த்தை.

இங்க கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன்.

எங்க ஊர் ஈரோட்டுப் பக்கம். மாரியம்மன் நோம்பின்னா கம்பம் நடறதுலேர்ந்து மஞ்சள் நீராட்டு வரைக்கும் ஒரே கொண்டாட்டம். அதுல ஒரு ராத்திரி கண்டிப்பா பாட்டுக் கச்சேரி உண்டு. எங்கண்ணன் என்னைவிட ஆறு வயசு மூத்தவன். பிளஸ் டூ முடிச்ச கையோட சேக்காளிங்க நாலு பேரைச் சேர்த்து ஆர்க்கெஸ்ட்ரா ஆரம்பிச்சான். அவன் ரிதம் பேட். கீபோர்டுக்கு ஆள் கிடைக்கலை. சர்ச்சுல வாசிக்கற ஒரு மாஸ்டர்கிட்ட என்னைக் கொண்டுபோய் விட்டு ஆறு மாசத்துல தேத்திட்டான். எட்டாவது படிக்கறப்போ நான் மேடை ஏறிட்டேன். நாலு வருஷம் வாசிச்சேன். ராத்திரி பத்துக்கு ஆரம்பிச்சா விடியற வரைக்கும். டெம்போ வேன்ல ஸ்பீக்கர் பொட்டிங்களுக்கு நடுவுல தூங்கிட்டு, காலைல நேரா ஸ்கூலுக்கு.

அப்புறம் இன்ஜினியரிங் சீட், கோயமுத்தூர் ஹாஸ்டல், கேம்பஸ்ல வேலை. நான் வர்றதில்லைன்னு அவன்கிட்டச் சொன்னதுகூட இல்லை. சும்மா வரலை, அவ்வளவுதான். கீபோர்டு பரண் மேல போயிடுச்சு.

அவன் விடலை. 14 பேரா வளர்ந்துச்சு. ஒரு சீசன்ல 30 கச்சேரி பண்ணின வருஷமும் உண்டு. அப்புறம் டிஜே வந்தான். லேப்டாப்பும் நாலு கலர் லைட்டும் கொண்டு வந்து கால்வாசிக் காசுக்கு வேலையை முடிச்சான். 2020ல கொரோனா வந்து ரெண்டு வருஷம் நோம்பியே இல்லை. அண்ணன் வாடகைக்கு மினி ஆட்டோ ஓட்டினான். பாடகி கல்யாணமாகிப் போனாங்க, தபேலாக்காரர் திருப்பூர்ல கம்பெனிக்குப் போனார். இப்போ அஞ்சு பேர்.

போன வருஷம் எங்க சித்தப்பா பையன் கல்யாணத்துல சொந்தக்காரர் ஒருத்தர் "அண்ணன் எப்படி இருக்கான்?"னார். பக்கத்துல பத்துப் பேர். நான் ரொம்ப புத்திசாலித்தனமா, "அவனுக்கென்ன மாமா, நாலு பேரு கை தட்டினா வயிறு ரொம்பிடும்"னேன். எல்லாரும் சிரிச்சாங்க. திரும்பினா பந்தியில தண்ணி ஊத்திக்கிட்டு அவன் நிக்கறான். ஒண்ணும் சொல்லலை. எனக்கும் ஒரு டம்ளர் ஊத்திட்டுப் போனான். அதுக்கப்புறம் நாங்க பேசினது எல்லாம் "சாப்பிட்டியா", "அம்மாகிட்டக் குடு" அவ்வளவுதான்.

இப்ப என்னன்னா, மாமா ஒருத்தர் டவுன்ல பெயின்ட் கடை வச்சிருக்கார். நம்பிக்கையான ஆள் வேணுங்கறார். மாசச் சம்பளம், ஞாயிறு லீவு. அம்மா போன மாசம் போன்ல, "கண்ணு, நீ சொன்னாத்தான் அவன் கேப்பான். அந்தப் பொட்டி படுக்கையெல்லாம் வித்துப் போட்டுக் கடைக்குப் போகச் சொல்லு சாமி. முப்பத்தி நாலு ஆச்சு, பொண்ணு குடுக்க மாட்டேங்கறாங்க"ன்னு அழுதாங்க. சரின்னு சொல்லிட்டேன். என்ன பேசணும்னு பாயிண்ட் பாயிண்ட்டா யோசிச்சும் வச்சுட்டேன். இந்த இந்தோஷீன் கதை குறுக்க வந்ததுனாலதான் போன் போடலை.

சரி, கதைக்கு வருவோம். 1999. புது ஆல்பம் பதிவு நடந்துக்கிட்டு இருக்கு. பிப்ரவரி 27ம் தேதி ஸ்தெஃபான் கல்லீரல் அழற்சியில இறந்து போயிட்டார். 39 வயசு. கூடப் பொறந்தவன், அதுவும் ஒரே நாள்ல பொறந்தவன். மெட்டுப் போட்டவர் போயாச்சு, சாக்ஸபோன் போயாச்சு, இப்போ கூடப் பொறந்தவனும் போயாச்சு. ஆரம்பத்துல இருந்த நாலு பேர்ல நிக்கோலா மட்டும் பாக்கி. ரேடியோல சீந்துவாரில்லை. கடையைச் சாத்தறதுக்கு இதைவிட நியாயமான காரணம் வேணுமா? சாத்தியிருந்தா யாரும் தப்பா நினைச்சிருக்க மாட்டாங்க. நிக்கோலா ஆல்பத்தை முடிச்சு அந்த வருஷமே வெளியிட்டார். 'தான்செத்தாரியா'. புது ஆளுங்களைச் சேர்த்துக்கிட்டுத் தெருவுக்கு இறங்கிட்டார்.

மூணு வருஷம் கழிச்சு 2002ல 'பாராதீஸ்'. அதுல நிலாகிட்ட ஒருத்தன் கேள்வி கேக்கற மாதிரி ஒரு மெதுவான பாட்டு. எழுதினது நிக்கோலா இல்லை. 'மிக்கி த்ருவா தே' குழுவோட மிக்கேல் ஃபுர்னோன். அந்தப் பாட்டு இன்னது அன்னதுன்னு இல்லாம ஊரையே தூக்கிடுச்சு. ஆல்பம் பத்து லட்சத்துக்கு மேல வித்துச்சு. 80கள்ல பெஞ்சுல பேர் செதுக்கினவங்களும், அப்போ பொறந்தே இருக்காத பசங்களும் ஒரே வரிசையில டிக்கெட்டுக்கு நின்னாங்க.

அப்புறம்தான் என் ரயில் ஜன்னல் ஸ்டேடியம். 2010 ஜூன் 26. ஸ்தாத் து பிரான்ஸை முதன்முதலா ரொப்பின பிரெஞ்சு ராக் குழு இந்தோஷீன்தான். 80,000 பேர் பக்கம். 2014ல திரும்ப, இந்தத் தடவை ரெண்டு ராத்திரி. நடுவுல 2013ல பள்ளிக்கூடத்துல ஒரு பையனை மத்தவங்க வதைக்கறதைப் பத்தி ஒரு பாட்டு. கனடாவோட சேவியே தோலான் கறுப்பு வெள்ளையில எடுத்த வீடியோ, பார்த்தா ரெண்டு நாள் தூக்கம் வராது. டிவியில காட்டலாமா கூடாதான்னு நாடே சண்டை போட்டுச்சு. 2022ல நாற்பதாம் ஆண்டுச் சுற்றுப்பயணம், கொரோனாவால ஒரு வருஷம் தள்ளிப் போனது. மேடையை மைதானத்து நடுவுல போட்டு, சுத்தி 90,000 பேருக்கு மேல. 2024ல 'பாபெல் பாபெல்'னு அடுத்த ஆல்பம். நிக்கோலாவுக்கு அப்போ 65 வயசு.

"முதல்ல வெக்கப்பட்டுப் போனேன்னேனே, 2010ல என் பொண்ணைத் தோள்ல உக்கார வச்சுக்கிட்டுப் போனேன்"னார் சீட்டுக்காரர். அப்புறம் கேட்டார், "உங்கண்ணன் பேண்டை நீ கடைசியா எப்போ பார்த்தே?"

யோசிச்சுப் பார்த்தேன். பத்து வருஷம் ஆச்சு மக்களே.

இங்க பதிவை முடிச்சா நல்ல மெசேஜோட முடியும். விடாமுயற்சி, விஸ்வரூப வெற்றி, கைதட்டு. ஆனா அது பொய்யாயிடும். ஏன்னா ஒரு இந்தோஷீனுக்குப் பின்னாடி, அதே மாதிரி விடாம பிடிச்சுக்கிட்டிருந்து காணாமப் போன குழு எத்தனையோ இருக்கும். அவங்களைப் பத்தி யாரும் டி-ஷர்ட் போட்டுக்கறதில்லை. எங்கண்ணன் விடாம இருந்தா ஈரோடு வ.உ.சி. மைதானம் நிரம்பும்னு நான் சொல்ல மாட்டேன். டிஜே திரும்பிப் போகப் போறதில்லை. அம்மா அழறதும் நிஜம்.

எனக்குக் குத்தினது வேற. கதையைக் கேக்கறப்போ எல்லாம் நான் என்னை நிக்கோலா இடத்துலயே வச்சுப் பார்த்துக்கிட்டு இருந்தேன். எல்லாருமே அப்படித்தானே பார்ப்போம்? ஒரு நாள் ரயில்ல வர்றப்போதான் உறைச்சுது. இந்தக் கதையில நான் விட்டுட்டுப் போன ஆளு. டொமினிக்காவது முதல்ல மெட்டெல்லாம் போட்டுக் கொடுத்துட்டுப் போனார். நான் பாதிக் கச்சேரியில எழுந்து போன மாதிரி போனவன். போனது தப்பில்லை, அதனாலதான் வீட்டுக்கு ஓடு மாறி கான்கிரீட் வந்துச்சு. ஆனா போன ஆளுக்கு, இருக்கறவனைப் பார்த்துக் கடையைச் சாத்துன்னு சொல்ல என்ன பாத்தியதை இருக்கு? அதுவும் பந்தியில வச்சுக் கேலி பண்ணினவனுக்கு?

போன ஞாயித்துக்கிழமை போன் பண்ணினேன். இங்க ராத்திரி எட்டு, அங்க பன்னெண்டரை. கச்சேரிக்காரனுக்கு அது சாயங்காலம் மாதிரி.

"என்னடா, இந்நேரத்துல? உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

"இல்லண்ணா. சும்மாதான்."

கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் பேசலை. அவனே ஆரம்பிச்சான். "பெயின்ட் கடையா? அம்மா சொல்லச் சொல்லியிருக்கும்னு தெரியும்டா. நானும் யோசிச்சுட்டுத்தான் இருக்கேன். ஆனா பங்குனியில ரெண்டு ஊருக்கு அட்வான்ஸ் வாங்கியாச்சு. அதை முடிச்சுப் போட்டு மாமாகிட்டப் பேசறேன்."

நான் யோசிச்சு வச்சிருந்த பாயிண்ட் ஒண்ணும் தேவைப்படலை. "அண்ணா, அன்னைக்குக் கல்யாணத்துல நான் சொன்னது..."ன்னு இழுத்தேன்.

"எதுடா?"ன்னான். ஞாபகம் இல்லாத மாதிரி. அவனுக்கு நல்லா ஞாபகம் இருக்குன்னு எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும்னு அவனுக்கும் தெரியும். அதுக்கு மேல அதைப் பேசலை.

"கீபோர்டுக்குத்தான் ஆள் இல்ல. வாசிச்சுட்டிருந்த பையன் பெங்களூர்ல வேலை கிடைச்சுப் போயிட்டான். நல்ல பையன். படிச்ச பையன்"ன்னான். குத்திக் காட்டலை. அவனுக்கு அதெல்லாம் வராது.

"எந்தத் தேதிண்ணா?"

சொன்னான். போனை வச்சதும் லீவு எத்தனை நாள் பாக்கியிருக்குன்னு பார்த்தேன். ஒன்பது நாள். விரல் வருமான்னு தெரியலை. ஆபீஸ்லேர்ந்து வர்ற வழியில ஒரு பழைய சாமான் கடையில சின்ன கீபோர்டு ஒண்ணு வாங்கியிருக்கேன், ராத்திரி ஹெட்போன் போட்டுக்கிட்டுத் தட்டிப் பார்க்கறேன். முதல் நாள் கேவலம். நேத்து பரவாயில்லை.

லீவு அப்ளை பண்ணிட்டேன். மேனேஜர் இன்னும் அப்ரூவ் பண்ணலை.

டிஸ்கி: பாட்டை எல்லாம் இங்க தமிழ்ல பெயர்த்துப் போடுன்னு யாரும் கேக்காதீங்க. எனக்குத் தெரிஞ்ச பிரெஞ்சு ரொட்டிக் கடையோட சரி. ஈரோட்டுப் பக்கப் பதிவர்கள் யாராவது பங்குனியில ஊர்ல இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க. கச்சேரிக்கு வாங்க. கீபோர்டு சொதப்பினா கண்டுக்காம கை தட்டுங்க. நாலு பேரா இருந்தாலும் பரவாயில்லை :-)